சைவமும் பிற சமயங்களும்: முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்தக் களத்தைத் தேர்வது?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது ‘சைவமும் கிறித்தவமும்’ என்றோ ‘தமிழகத்தில் சமய உரையாடல்’ என்றோ தலைப்பு எழுதிக் கொடுப்பவர்கள் பலர். அந்த இரண்டு சொல்லுக்குள் நானூறு ஆண்டும், குறைந்தது ஆறு மொழியும், மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளும் அடங்கியிருக்கின்றன. மூன்றாண்டில் முடிகிற காரியம் அல்ல. காலமும் இடமும் குறித்துக்கொண்ட பிறகுதான் ஆய்வு தொடங்கும்.

தமிழ் நன்றாகத் தெரிந்த, வேறு மொழி அதிகம் தெரியாத ஒருவருக்கு முன்னால் நான்கு களங்கள் இருக்கின்றன: 17ஆம் நூற்றாண்டின் மதுரை இயேசு சபை, 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தரங்கம்பாடி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணம், 16ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த இசுலாமியத் தமிழ் இலக்கியம். வேளாங்கண்ணி, நாகூர் போன்ற இடங்களில் செய்யும் கள ஆய்வு தனி. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

நான்கையும் நிறுத்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். மறுதரப்பின் பேச்சு அவர்கள் சொந்த வாயால் பேசியபடி நமக்குக் கிடைக்கிறதா? இரண்டு சமயம் சந்தித்த இடத்தில் இரண்டு பேராவது பேசியிருப்பார்கள். ஒருவர் எழுதி வைத்தது மட்டும் நம்மிடம் இருந்தால், மற்றவர் என்ன சொன்னார் என்பதையும் அவர் எழுத்திலிருந்தே ஊகிக்க வேண்டிவரும். அந்த ஊகத்தின்மேல் எத்தனை அத்தியாயம் கட்டலாம் என்பதைப் பொறுத்தே களத்தின் தரம் அமைகிறது. மொழி, பயணம், செலவு எல்லாம் அதற்கு அடுத்த கணக்கு.

தரங்கம்பாடி

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும், அப்போது டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில், 1719இல் இறக்கும் வரை, சீகன்பால்கு எழுதிக் குவித்தது வியப்பூட்டும் அளவு. தான் சேர்த்த ஓலைச்சுவடிகளுக்கு 1708இலேயே குறிப்புரையுடன் அட்டவணை போட்டார். அதில் கிறித்தவ, இசுலாமிய நூல்கள் நீங்கலாக 119 தமிழ் நூல்கள் உள்ளன. அதே ஆண்டில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழர் சமயத்தைப் பற்றிய பெரிய நூல் 1711இலும், தெய்வங்களின் வமிசவரலாறு 1713இலும் முடிந்தன. இவற்றோடு 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்வி அனுப்பி வாங்கிய பதில் கடிதங்களும் இருக்கின்றன. கடவுள், விதி, மறுபிறப்பு, திருமணம், வைத்தியம் என எல்லாவற்றையும் பற்றித் தமிழர் தாமே எழுதிய பதில்கள் என்பதால் இந்தக் களத்தின் பெரிய ஈர்ப்பே அவைதாம்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கடிதங்களின் தமிழ் மூலம் நம் கையில் இல்லை. சீகன்பால்கும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஜெர்மன் பெயர்ப்பே மிஞ்சியிருக்கிறது, அதுவும் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்த மிஷன் அறிக்கைகளுக்குள். அந்த அறிக்கைகள் ஐரோப்பாவில் நன்கொடை தருவோருக்காகத் திருத்தியும் வெட்டியும் பதிப்பிக்கப்பட்டவை. எழுதியவர்களில் எத்தனை பேர் மிஷனுக்கு நெருக்கமான மொழிபெயர்ப்பாளர்கள், எத்தனை பேர் உண்மையிலேயே வெளியார் என்பதும் தீராத விவாதம். ‘தமிழன் சொன்னான்’ என்று ஒரு வரியை மேற்கோள் காட்டும் முன் அது மூன்று கை மாறி வந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். 1717, 1719 ஆண்டுகளில் லண்டனில் வெளிவந்த ஆங்கிலப் பதிப்புகளைக் கொண்டு எழுதினால் நான்காவது கையும் சேர்ந்துகொள்ளும். அவை மிகவும் தளர்வான பெயர்ப்புகள்.

வமிசவரலாற்றிலும் இதே எச்சரிக்கை தேவை. 1713இல் முடிந்த அந்த நூல் அச்சேறியது 1867இல்தான். சென்னையில் அதைப் பதிப்பித்த கெர்மான் மூலத்தில் கைவைத்தார். 1869இல் வந்த ஆங்கில நூல் அவருடைய பதிப்பிலிருந்து பெயர்த்தது. இணையத்தில் எளிதாகக் கிடைப்பது இந்த 1869 நூல் என்பதால் ஆய்வேடுகளில் அதுவே அதிகம் காணப்படுகிறது. கைப்பிரதியிலிருந்து டேனியல் ஜெயராஜ் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 2005இல் வந்துவிட்டது. மேற்கோளுக்கு அதை எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது. சீகன்பால்கு தமிழர் சமயத்தில் ஒரே பரம்பொருள் என்ற எண்ணம் உண்டு என்று அடித்துச் சொல்கிறார். அதற்கு அவர் அடிக்கடி எடுத்தாளும் சான்று சிவவாக்கியம், அதாவது கோயிலையும் கல்லையும் பழிக்கும் சித்தர் பாடல். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற சைவ மடங்கள் அவருக்குத் திறந்த கதவுகள் அல்ல. திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் எந்த ஏடு புழங்கியதோ அதுவே அவருக்குச் சைவமானது. 1708 அட்டவணையை வைத்துக்கொண்டு, எந்த நூல் அவர் கைக்கு எட்டியது, எது எட்டவில்லை, அந்த இடைவெளி அவருடைய முடிவுகளை எப்படி வளைத்தது என்று பார்ப்பது தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கே உரிய வேலை. ஜெர்மானிய ஆய்வாளர்களைவிட நமக்கு இதில் கை மேலோங்கும். அந்த அட்டவணையின் ஆங்கிலப் பதிப்பு 2012இல் வெளிவந்திருப்பதால் ஜெர்மன் இல்லாமலும் இந்த ஒரு கேள்வியைத் தொடங்கலாம்.

தொடங்கலாம், முடிக்க முடியாது. ஹாலேயில் பிராங்கே நிறுவன ஆவணக்காப்பகத்திலுள்ள கடிதங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ளன. இன்றைய ஜெர்மன் தெரிந்தவருக்கே அந்த எழுத்து தனிப் பயிற்சி கேட்கும். மொழிக்கு ஓராண்டு, கையெழுத்துக்கு ஆறு மாதம் என்று ஒதுக்காமல் இந்தக் களத்தில் இறங்கக்கூடாது. டேனிஷ் அரசுக்குச் சென்ற கடிதங்கள் கோபன்ஹேகனில் தனியாக உள்ளன.

தேதி விஷயத்திலும் இந்தக் களம் அடிக்கடி ஆளைக் கவிழ்க்கும். டென்மார்க்கும் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் நாடுகளும் 1700இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன, இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. ஆகவே ஒரே நிகழ்ச்சி தரங்கம்பாடிக் கடிதத்தில் ஒரு தேதியிலும் சென்னைக் கோட்டைக் குறிப்பில் 11 நாள் முந்திய தேதியிலும் பதிவாகியிருக்கும். ஆங்கிலேயர் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி, பிப்ரவரி மாதக் குறிப்புகளில் ஆண்டே ஒன்று குறையும். தமிழ் ஓலையில் ‘ஜய வருஷம்’ என்றிருந்தால் அது 1654, 1714, 1774 எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. இந்த ஆவணங்களில் ‘மலபார்’ என்றால் தமிழ், ‘மலபாரிகள்’ என்றால் தமிழர். கேரளம் என்று படித்து ஒரு அத்தியாயமே தடம் மாறிப்போன ஆய்வேடுகள் இருக்கின்றன.

மதுரை

1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி, தத்துவபோதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1656இல் மயிலாப்பூரில் மறையும் வரை எழுதியவை பெரும்பாலும் தமிழில் உள்ளன. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம், புனர்ஜன்ம ஆட்சேபம் முதலியவற்றை 1960களில் இராசமாணிக்கம் அடிகள் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார். இந்த அச்சுப் பிரதிகளைக் கொண்டே வாதங்களைப் படித்துவிடலாம் என்பது பெரிய வசதி. மறுபிறப்பை மறுக்க அவர் அடுக்கும் நியாயங்களைச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் வினைக் கோட்பாட்டோடு எதிரெதிரே வைத்துப் படிப்பது சித்தாந்தம் கற்றவருக்கு இனிமையான வேலை. நொபிலி பல இடங்களில் சித்தாந்திகள் சொல்லாத மறுபிறப்புக் கொள்கையை மறுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது புலப்படும்.

ஆனால் எதிர்க்குரல் இங்கே ஏறக்குறைய இல்லை. நொபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதருமர் என்ன நினைத்தார் என்பதை நொபிலியின் பக்கத்து எழுத்து வழியாகவே அறிகிறோம். மதுரை மடங்களிலிருந்து அவருக்கு மறுப்பாக எழுந்த தமிழ் நூல் எதுவும் கையில் இல்லாத நிலையில், ‘உரையாடல்’ என்று தலைப்பில் போடுவது பொருந்தாது. உண்மையில் அந்தக் காலத்து உயிருள்ள சண்டை இயேசு சபைக்குள்ளேயே நடந்தது. குடுமி, பூணூல், சந்தனம், நீராட்டு ஆகியவை சமயச் சின்னங்களா, குல வழக்கங்களா என்பதே வழக்கு. மதுரையில் முன்பே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் ஒரு பக்கம், நொபிலி மறு பக்கம். 1613, 1619 ஆண்டுகளில் நொபிலி இலத்தீனில் எழுதிய விளக்கங்கள், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தந்த அனுமதி, 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்நோன் பிறப்பித்த தடை, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் விதித்த முடிவு என்று வழக்கு நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. இலத்தீனும் போர்த்துகீசியமும் படிக்கத் துணிந்தவருக்கு, அல்லது இறையியல் கல்லூரியில் ஏற்கெனவே இலத்தீன் படித்தவருக்கு, இது வளமான வயல். ரோமில் உள்ள சபையின் தலைமை ஆவணக்காப்பகத்துக்குப் போக வேண்டிவரும். கொடைக்கானல் செண்பகனூரில் சேர்ந்த மதுரை மாநிலத் தொகுப்பை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அங்கே பாதி நாள் மிச்சமாகும்.

வீரமாமுனிவர் மேல் ஆசை வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தேம்பாவணியில் ஆய்வேடுகள் ஏற்கெனவே நிறைய. அவர் தரங்கம்பாடியாரை மறுத்து எழுதிய வேதவிளக்கமும் லுத்தேரினத்தியல்பும் அந்த அளவுக்குப் படிக்கப்படவில்லை. இரண்டு கிறித்தவத் தரப்பும் ஒன்றையொன்று தமிழில் திட்டிக்கொள்ளும்போது சைவத்திலிருந்து எந்தச் சொற்களைக் கடன் வாங்குகின்றன என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

யாழ்ப்பாணம்

தமிழ் மட்டும் கைவசம் உள்ளவர், மூன்றாண்டில் முடிக்க வேண்டியவர், எதிர்க்குரல் தெளிவாகக் கேட்கும் களத்தைத் தேடுபவர் — இந்த மூன்றும் பொருந்தினால் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்துகொள்ளத் தயங்க வேண்டியதில்லை. இங்கே இரு தரப்பும் தமிழில், அச்சில், ஆண்டு குறித்து, ஒருவரையொருவர் பார்த்தே பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள மிஷன் அறிக்கைகள் கூடுதல் துணை.

அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. 1841இல் உதயதாரகை இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கியது. ஆறுமுக நாவலர் வெசுலியன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவலிடம் படித்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1847 டிசம்பர் 31 அன்று, நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து வித்தியாநுபாலன யந்திரசாலை, 1852இல் பெரியபுராண வசனம். கிறித்தவர் கையாண்ட பள்ளி, அச்சகம், பிரசங்க மேடை, வினாவிடை நூல் அனைத்தையும் ஒரு பத்தாண்டுக்குள் சைவம் தனக்காக்கிக்கொண்டதை மாதக் கணக்கில் தொடர முடிகிற களம் தமிழில் வேறில்லை.

1854ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு ஆய்வேடு எழுதலாம். அந்த ஆண்டில் நாவலரின் சைவதூஷணபரிகாரம் வருகிறது. கோயில், தீபம், தூபம், தீர்த்தம், சுத்தி என்று மிஷனரிகள் பழித்த ஒவ்வொன்றுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்தே இணை காட்டிப் பதில் சொல்கிறது அந்நூல். விவிலியத்தை வரி வரியாகத் தமிழாக்கிய கை அதை எழுதியது. அதே ஆண்டில், வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக இருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேயக் கழக இதழின் 4ஆம் தொகுதியில் வெளியிட்டார். நாவலர் விவிலியத்துக்குள் புகுந்து சைவத்தைக் காக்கிறார், ஹொய்சிங்டன் சித்தாந்தத்துக்குள் புகுந்து அதை ஐரோப்பிய மெய்யியல் சொல்லில் வைக்கிறார். இரண்டு நூலையும் அருகருகே வைத்து பதி, பசு, பாசம், மலம், அருள் என்ற ஐந்து சொல் ஒவ்வொன்றிலும் என்ன ஆயிற்று என்று அட்டவணை போட்டால் அதுவே இரண்டு அத்தியாயத்துக்குக் காணும்.

இங்கே வழுக்கும் இடங்களும் உண்டு. நாவலர் நூல்கள் பின்னாளில் பலமுறை மறுபதிப்பாகி, எழுத்துமுறையும் சில இடங்களில் வாசகமும் மாறியுள்ளன. அவருடைய சிறுநூல்களின் தொகுப்பான பிரபந்தத் திரட்டில் உள்ளதை அப்படியே 1854க்குரியது என்று எடுக்காமல், முதற்பதிப்போ அதற்கு மிக நெருங்கிய பதிப்போ தேட வேண்டும். தேடலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், லண்டனில் பிரிட்டிஷ் நூலக அட்டவணையிலும், இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டத்திலும் தொடங்கலாம். 1981 ஜூன் 1 விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பு நெஞ்சை விட்டு அகலாதது. ஆய்வாளர் வேலையிலும் அது நேராகத் தாக்குகிறது: யாழ்ப்பாணத்து அச்சு நூலின் கடைசிப் படி பல வேளைகளில் யாழ்ப்பாணத்துக்கு வெளியேதான் இருக்கும். மிஷனரிகளின் கையெழுத்துக் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. பாஸ்டனில் அச்சான மிஷன் மாத இதழ் இணையத்திலேயே கிடைக்கிறது, ஆனால் அதுவும் ஹாலே அறிக்கை போலச் சுருக்கித் திருத்தியது. கடிதத்தையும் இதழையும் ஒப்பிடாமல் மிஷனரி ‘சொன்னார்’ என்று எழுதக்கூடாது.

அச்சிலும் தமிழ் ஆண்டுப் பெயர் வரும். ‘ஆனந்த வருஷம்’ 1854ஆக இருக்கலாம், 1914ஆகவும் இருக்கலாம். அச்சகப் பெயரைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

இந்தக் களத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பேசியவர்கள் படித்த வேளாளர் ஆண்கள். அச்சுக்கு வராத சாதியாரின் சமய வாழ்வும், உடுவில் பெண்கள் பாடசாலையில் படித்த பெண்களின் மனமும் இந்தக் கண்டன நூல்களுக்குள் வராது. கண்டனம் மட்டுமே படித்தவர் அதுவே சமூகம் என்று முடிவுகட்டிவிடுவார்.

இசுலாமியத் தமிழ்

1572இல் வந்த ஆயிரம் மசலா, 17ஆம் நூற்றாண்டு இறுதியில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் இரண்டும் வேறு வகைச் சந்திப்பு. இங்கே யாரும் யாரையும் மறுத்து நூல் எழுதவில்லை. நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தமிழ்க் காப்பிய மரபு முழுவதும் நபிகள் வரலாற்றுக்குள் வந்து உட்கார்கிறது, அரபு நாட்டில் மருத நிலம் விளைகிறது. கண்டனத்திலேயே ஊறிய சமயச் சந்திப்பு ஆய்வுக்கு இது நல்ல மாற்று மருந்து. காப்பியக் கல்வி உள்ளவருக்குச் சீறாவை மட்டும் வைத்து எழுதத் தமிழே போதும்போலத் தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பனோடு ஒப்பிட்டு உவமைகளை வரிசைப்படுத்திவிட்டு, அரபு மூலச் செய்திகளைத் தொடாமல் விடுகிறார்கள். எதைப் புலவர் மரபிலிருந்து எடுத்தார், எதைத் தாமே சேர்த்தார் என்று சொல்ல, நபி வரலாற்று நூல்களை ஆங்கில வழியாகவாவது படித்திருக்க வேண்டும். அர்வி எனப்படும் அரபுத்தமிழ் நூல்களுக்குப் போக அரபு எழுத்து கட்டாயம். எழுத்துப் பழக மூன்று மாதம் உழைத்தால் கல்லச்சுப் பிரதிகளைத் தடுமாறியாவது படிக்கலாம், சொல்லோ தமிழ்தானே. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் உள்ள பிரதிகளைப் பார்க்க ஊர்ப் பெரியவர் ஒருவரின் அறிமுகம் வேண்டும். இளம் ஆய்வாளர்கள் மிகக் குறைவாக உள்ள களம் இது. ஐந்தாண்டு கையில் உள்ளவர்கள் இங்கே வந்தால் துறைக்கே நல்லது.

கள ஆய்வு பற்றிச் சுருக்கமாக. நாகூர் கந்தூரிக்கோ, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ போய், இந்துக்களும் வருகிறார்கள் என்று எழுதிவிட்டு ‘மத நல்லிணக்கம்’ என்று முடிப்பது ஆய்வாகாது. வருகிறவர் தம் நேர்த்தியை எந்தத் தெய்வத்தின் பெயரில் கணக்கு வைக்கிறார், வீட்டுக்குப் போய் அந்த எண்ணெயையோ தாயத்தையோ எங்கே வைக்கிறார் என்று கேட்க வேண்டும். ஒரே குடும்பங்களை இரண்டு திருவிழாச் சுற்றிலாவது தொடராமல் இதற்கு விடை வராது. பேட்டி தருபவரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதல் நாளே வாங்க வேண்டும்.

ஓராண்டு மட்டும் இருந்தால்

எம்.ஏ. ஆய்வுரை போன்ற ஓராண்டு வேலைக்கு முழுக் களமும் பாரம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். கடவுளைக் குறிக்க நொபிலி ‘சர்வேசுரன்’ என்றார். சீகன்பால்கு ‘பராபரவஸ்து’ என்ற சொல்லையும் எடுத்தாண்டார். 18ஆம் நூற்றாண்டின் பப்ரிசியுசு விவிலியத்தில் ‘பராபரன்’. 1871இல் வந்த ‘ஐக்கியத் திருப்புதல்’ என்ற விவிலியப் பெயர்ப்பில் ‘தேவன்’. 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ என்ற பெயர்ப்பில் ‘கடவுள்’. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் சைவர்களும் வைணவர்களும் அந்தச் சொல்லை எப்படி வழங்கினார்கள் என்ற அச்சமும் கணக்கும் உண்டு. ‘அஞ்ஞானம்’ இன்னும் கூர்மையானது. சித்தாந்தத்தில் அது ஆணவ மலம் உயிரை மறைத்த நிலை. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து ‘அக்கியானம்’ என்ற பெயரில் வந்த சிறுநூலில் அது பிற சமயத்தாரின் வழிபாடு. ஒரே சொல்லை இருவரும் சொல்லி, இருவரும் தம் பொருளிலேயே கேட்டுக்கொண்ட இடம் அது.

பதிவுக்கு முன் செய்துபார்க்க வேண்டிய சோதனை

எந்தக் களமானாலும் தலைப்பைப் பதிவதற்கு முன் மூன்று வாரம் ஒதுக்கலாம். மனத்தில் உள்ள இரண்டு களங்களிலிருந்து மூல ஆவணம் ஒவ்வொன்றிலும் இருபது பக்கம், மறுபதிப்போ மொழிபெயர்ப்போ அல்லாத மூலப்பக்கம், எடுத்துக்கொண்டு நான்கு பத்தியில் குறிப்பெழுத வேண்டும்: யார் பேசுகிறார், எந்த மொழியில் பேசினார், நம் கைக்கு எந்த மொழியில் வந்தது, இடையில் யார் கை பட்டது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மணிக்கு மேல் போனால், 600 பக்கம் படிக்க ஓராண்டு போய்விடும் என்று கணக்கு காட்டும்.

தலைப்பில் ‘இந்து’ என்ற சொல்லை வைப்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. நாவலர் ‘சைவசமயம்’ என்றே எழுதினார். நொபிலி தம் எதிராளிகளை ஒரே சமயத்தார் என்று எண்ணவில்லை. சீகன்பால்கின் ஜெர்மன் சொல் ‘புறச்சமயத்தார்’ என்ற பொருளில் உலகத்தார் பாதிப் பேரைக் குறிக்கும். குறிப்பேட்டில் ஆவணம் வழங்கும் சொல்லையே எழுதிவந்தால், இருபதாம் பக்கம் முடியுமுன் தலைப்பில் எந்தச் சொல் நிற்கும் என்பது தெரிந்துவிடும்.